சிறப்புக் கல்வி: பெற்றோரும் ஆசிரியர்களும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஒன்றியத்துப் பள்ளிகளுக்கு உதவும் வட்டார வளமையத்தில் நடக்கும் முகாம்களிலும், பள்ளி வாசலிலும், சில நேரம் பேருந்து நிறுத்தத்திலும் சிறப்புப் பயிற்றுநர்களிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள் இவை. தமிழ்நாட்டு நடைமுறையை மனதில் வைத்துப் பதில் சொல்லியிருக்கிறேன். சட்டம் நாடு முழுக்க ஒன்றுதான்.

சிறப்புக் கல்வி என்றால் சிறப்புப் பள்ளியில் சேர்ப்பதுதானே?

சிறப்புப் பள்ளி அதில் ஒரு வழி, அவ்வளவுதான். உங்கள் ஊர் ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் மற்ற பிள்ளைகளோடு உட்கார்ந்தே படிக்கலாம். அங்கே படித்துக்கொண்டே வாரத்தில் சில நாள் வளமையத்துக்கு வந்து பயிற்சி எடுக்கலாம். எழுந்து நடமாட முடியாத பிள்ளையைத் தேடி ஆசிரியரே வீட்டுக்குப் போகலாம். எங்கே நடந்தாலும், அந்தப் பிள்ளைக்கு ஏற்றபடி பாடத்தையும் கற்பிக்கும் முறையையும் மாற்றினால் அது சிறப்புக் கல்வி.

ஆரம்பத்தில் தனிப் பள்ளிகள் மட்டுமே இருந்தன என்பது உண்மை. பாளையங்கோட்டையில் 1890-இல் ஆஸ்க்வித் அம்மையார் பார்வையற்றோருக்கும், அதே பத்தாண்டில் புளோரன்ஸ் ஸ்வைன்சன் காது கேளாதோருக்கும் பள்ளி தொடங்கினார்கள். பொதுப் பள்ளியிலேயே சேர்க்கும் மத்திய அரசுத் திட்டம் 1974-இல்தான் வந்தது. 1994-இல் ஸ்பெயினின் சலமன்கா நகரில் கூடிய நாடுகள், எல்லாப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ளும் பொதுப் பள்ளியே முறை என்று அறிவித்தன. மாற்றுத்திறனாளிகள் உரிமை பற்றிய ஐ.நா. உடன்படிக்கையை இந்தியா 2007-இல் ஏற்றது. அதை ஒட்டி வந்ததுதான் இன்று நடப்பில் உள்ள 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம்.

என் கருத்தையும் கேட்டால்: பெரும்பாலான பிள்ளைகளுக்குப் பக்கத்துப் பள்ளிதான் நல்லது. சைகை மொழி தெரிந்த ஒருவர்கூட இல்லாத பள்ளியில் காது கேளாத சிறு பிள்ளையை உட்கார வைத்துவிட்டு, எல்லாரையும் சேர்த்துக்கொள்ளும் 'உள்ளடக்கிய கல்வி' இதுதான் என்று சொல்வதை மட்டும் என்னால் ஏற்க முடியாது. அந்தப் பிள்ளைக்கு முதல் சில ஆண்டுகள் நல்ல காது கேளாதோர் பள்ளியே மேல்.

எந்தெந்தக் குறைபாடுகள் இதில் வரும்?

மாற்றுத்திறனாளிகளுக்கான முந்தைய 1995-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 7 வகைதான் இருந்தன. 2016-ஆம் ஆண்டுச் சட்டம் அதை 21 ஆக்கியது. ஆட்டிசம், கற்றல் குறைபாடு, தசைச் சிதைவு நோய், தலசீமியா, ஹீமோபிலியா, பேச்சு மொழிக் குறைபாடு எல்லாம் அப்போதுதான் பட்டியலுக்குள் வந்தன.

இந்தப் பட்டியல் சான்றிதழுக்கு உதவும். கற்பிக்க அவ்வளவாக உதவாது. மூளை முடக்குவாதம் உள்ள இரண்டு பிள்ளைகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருத்திக்குக் கால் மட்டும் இறுக்கம். பாடத்தில் வகுப்பிலேயே முதல். இன்னொருவனுக்குக் கை, கால், பேச்சு மூன்றிலும் சிரமம், வலிப்பும் உண்டு. சான்றிதழில் இருவருக்கும் ஒரே பெயர். திட்டத்தில் ஒரு வரிகூட ஒன்றாக இருக்காது.

மூன்று வயதாகியும் பேசவில்லை. "அவன் அப்பாவும் லேட்டாத்தான் பேசினான்" என்கிறார்கள். பொறுத்துப் பார்க்கலாமா?

வேண்டாம். முதலில் காதைச் சோதியுங்கள். கதவைத் தட்டினால் திரும்புகிறான் என்பதெல்லாம் சோதனை ஆகாது. அதிர்வுக்கும் நிழலுக்கும்கூடப் பிள்ளைகள் திரும்புவார்கள். பெரா (BERA) என்ற காது சோதனை செய்தால், பிள்ளை தூங்கிக்கொண்டிருக்கும்போதே எந்த அளவு சத்தம் கேட்கிறது என்று தெரிந்துவிடும்.

மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையத்தை விசாரியுங்கள். பிறந்ததிலிருந்து 18 வயது வரை உள்ளவர்களுக்கான மையம் அது. காது, கண், பேச்சு, வளர்ச்சி எல்லாவற்றையும் ஒரே இடத்தில் பார்க்க ஏற்பாடு செய்யப்பட்டது. அங்கன்வாடிக்கு வரும் மருத்துவக் குழுவே அங்கே அனுப்பி வைக்கும். கேட்கும் திறன் மிகக் குறைவு என்று தெரிந்தால், காது நரம்புக்கான காக்ளியர் கருவி பொருத்தும் அறுவை சிகிச்சைக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் இடம் உண்டு. ஆனால் சிறு வயதிலேயே செய்தால்தான் பலன். பொருத்திய பிறகு பேச்சுப் பயிற்சியை விட்டுவிட்டால் கருவியால் பயனில்லை.

காது நன்றாகக் கேட்கிறது, ஆனால் கூப்பிட்டால் திரும்புவதில்லை, எதையும் விரல் நீட்டிக் காட்டிக் கேட்பதில்லை, உங்கள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் பிஸ்கட் டப்பா மேல் வைக்கிறான் என்றால் ஆட்டிசத்துக்கான மதிப்பீட்டையும் சேர்த்துச் செய்யுங்கள்.

அடையாள அட்டை எடுத்தால் பிள்ளை மேல் முத்திரை விழுந்துவிடாதா? பெண் பிள்ளை வேறு.

அட்டையை யார் கழுத்திலும் மாட்டப் போவதில்லை. பெட்டிக்குள்தான் இருக்கும். தேவைப்படும் நாளில் அது கையில் இல்லாததுதான் பெரிய கஷ்டம். உதவித்தொகை, பேருந்துச் சலுகை, தேர்வுச் சலுகை, உயர்கல்வியில் 5 சதவீத இடஒதுக்கீடு, அரசு வேலையில் 4 சதவீதம் எல்லாவற்றுக்கும் அதுதான் சாவி. இவற்றில் பெரும்பாலானவற்றுக்குக் குறைபாடு 40 சதவீதம் அல்லது அதற்கு மேல் என்று மருத்துவச் சான்று வேண்டும். இப்போது நாடு முழுக்கச் செல்லும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டையான யு.டி.ஐ.டி. அட்டைக்கு இணையத்தில் விண்ணப்பிக்கலாம். தெரியாவிட்டால் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்குப் போங்கள்.

ஐ.க்யூ. (நுண்ணறிவு அளவு) 45 என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். இனி என்ன படிக்க முடியும்?

அந்த எண், சோதித்த அன்று அந்த அறையில் அந்தக் கேள்விகளுக்குப் பிள்ளை எப்படிப் பதில் சொன்னது என்பதைக் காட்டும். சான்றிதழுக்கு அது வேண்டும். நாளைக் காலை எதைக் கற்றுக்கொடுப்பது என்று அதைப் பார்த்துச் சொல்ல முடியாது.

அதற்கு வேறு கருவி இருக்கிறது, அதுவும் நம் சென்னையிலேயே உருவானது. விஜய் ஹியூமன் சர்வீசஸ் நிறுவனத்தைச் சேர்ந்த ஜெயச்சந்திரனும் விமலாவும் உருவாக்கிய இதன் பெயர் மெட்ராஸ் டெவலப்மென்டல் புரோகிராமிங் சிஸ்டம். எங்கள் வட்டாரத்தில் எம்.டி.பி.எஸ். என்றால்தான் தெரியும். உட்கார்வது நடப்பதில் தொடங்கி, சாப்பிடுவது, உடை உடுத்துவது, கழிப்பறை போவது, சொன்னதைப் புரிந்துகொள்வது, எண், நேரம், பணம், வீட்டு வேலை என்று 18 பகுதிகள். பகுதிக்கு 20 வீதம் மொத்தம் 360 திறன்கள், எளிதானதிலிருந்து கடினமானது வரை வரிசையாக இருக்கும். செய்கிறானா, இன்னும் இல்லையா, இந்த இரண்டில் ஒன்றைக் குறித்தால் போதும்.

குறித்து முடித்ததும் தாளைப் பாருங்கள். உடை பகுதியில் 11 வரை வந்திருப்பான், பணம் பகுதியில் இரண்டோடு நின்றிருப்பான். எந்தப் பகுதியில் எங்கே நிற்கிறானோ, அதற்கு அடுத்த வரிதான் பாடம். 45 என்ற எண்ணைப் பார்த்து அழுத தாய், "இவ்வளவு செய்யறானா?" என்று கேட்பது இந்தத் தாளைப் பார்க்கும்போதுதான்.

தனிநபர் கல்வித் திட்டம் என்று ஒரு தாள் கொடுத்தார்கள். அதில் என்ன இருக்க வேண்டும்?

பிள்ளை இப்போது எங்கே நிற்கிறது, அடுத்து எதை எட்ட வேண்டும், எத்தனை நாளில், யார் எப்படிச் சொல்லிக்கொடுப்பார்கள், எட்டியதை எப்படித் தெரிந்துகொள்வது. இவ்வளவும் இருந்தால் அது திட்டம். அமெரிக்காவில் 1975-இல் வந்த சட்டம் ஒவ்வொரு பிள்ளைக்கும் இதைக் கட்டாயமாக்கியது. அங்கிருந்துதான் உலகம் முழுக்கப் பரவியது.

"கணிதத் திறன் மேம்படும்" என்று எழுதியிருந்தால் அந்தத் தாளைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். யாருடைய பெயரை மேலே போட்டாலும் பொருந்தும் வரி அது. உருப்படியான வரி எப்படி இருக்கும் என்று பார்ப்போம். பையன் இருபது வரை தடங்கலில்லாமல் ஒப்பிக்கிறான். தட்டில் புளியங்கொட்டையைக் கொட்டி "ஐந்து கொடு" என்றால் கைப்பிடியளவு அள்ளித் தருகிறான். எண்களின் பெயர் தெரியும், எண்ணிக்கை தெரியவில்லை. அப்படியானால் நோக்கம்: "மூன்று மாதத்துக்குள், ஒன்று முதல் ஐந்து வரை கேட்ட எண்ணிக்கையில் பொருளை எடுத்துத் தருவான். ஐந்து முறை கேட்டால் நான்கு முறையாவது சரியாக இருக்கும்." இதை அம்மாவும் சோதிக்கலாம், பாட்டியும் சோதிக்கலாம்.

ஒரே தாளில் பதினைந்து நோக்கம் எழுதும் பழக்கத்தையும் விட வேண்டும். நான்கு போதும். திட்டம் எழுதும் கூட்டத்தில் பெற்றோர் உட்கார வேண்டும். கையெழுத்துக்கு மட்டும் கூப்பிட்டால் ஏன் என்று கேளுங்கள்.

எத்தனை முறை சொன்னாலும் கற்றுக்கொள்ள மாட்டேன் என்கிறாளே?

அனேகமாகப் பாடத்தின் துண்டு பெரிதாக இருக்கிறது. ஜட்டி போடுவதை எடுத்துக்கொள்வோம். நமக்கு ஒரே வேலை. உண்மையில் முன்பக்கம் எதுவென்று பார்த்து, இரண்டு கையால் பட்டையைப் பிடித்து, ஒரு காலை நுழைத்து, மறு காலை நுழைத்து, முழங்கால் வரை இழுத்து, எழுந்து நின்று, இடுப்பு வரை ஏற்றி, பின்பக்கம் சரிசெய்ய வேண்டும். எட்டு வேலை.

இதைக் கடைசியிலிருந்து கற்றுக்கொடுங்கள். மற்றப் படிகளை நீங்களே செய்து இடுப்புக்குச் சற்றுக் கீழே நிறுத்திவிட்டு, கடைசி இழுப்பை மட்டும் அவளுக்கு விடுங்கள். போட்டு முடித்த மகிழ்ச்சி முதல் நாளே அவளுக்குக் கிடைக்கும். அது கைவந்ததும் தொடையில் நிறுத்துங்கள், பிறகு முழங்காலில். முதல் படியிலிருந்து தொடங்கினால், பாதியில் சோர்ந்துபோய் மீதியை நீங்கள் செய்து முடிப்பீர்கள். தினமும் தோற்பதுதான் அவளுக்குப் பழகும்.

கை பிடித்துச் செய்யவைப்பது, தொட்டுக் காட்டுவது, விரல் நீட்டுவது, வாயால் சொல்வது என்று உதவியைப் படிப்படியாகக் குறையுங்கள். உதவியைக் குறைக்க மறந்துவிடுவதுதான் வீடுகளில் நான் அதிகம் பார்ப்பது. பத்து வயதுப் பிள்ளைக்கு இன்னும் ஊட்டிக்கொண்டிருப்பார்கள், பாசம்தான் காரணம்.

வகுப்பில் திடீரென்று கத்துகிறான், நோட்டை வீசுகிறான். கண்டிக்கலாமா?

முதலில் ஒரு வாரம் எழுதி வையுங்கள்: கத்துவதற்கு முன் என்ன நடந்தது, என்ன செய்தான், அதற்குப் பிறகு நீங்கள் என்ன செய்தீர்கள். ஏதாவது கிடைக்க வேண்டும், யாராவது கவனிக்க வேண்டும், ஒன்றிலிருந்து தப்பிக்க வேண்டும், அல்லது உடம்புக்கு ஏதோ ஒத்துக்கொள்ளவில்லை. பெரும்பாலும் இந்த நான்கில் ஒன்றுதான் காரணம்.

நோட்டை வீசும்போதெல்லாம் வெளியே நிறுத்துகிறீர்கள், வீசுவது எப்போதும் கணக்குப் பாடவேளையில் என்றால், அவன் கேட்டதை நீங்களே கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். வெளியே போக வேண்டும் என்று கேட்க ஒரு படத்தாளைக் கையில் கொடுங்கள், கணக்கை நான்காகக் குறையுங்கள். பேசாத பிள்ளைக்குப் படம், சைகை, கைபேசிச் செயலி எது வேண்டுமானாலும் பேச்சுதான். சென்னையில் உருவான ஆவாஸ் செயலி தமிழிலும் பேசும். படத்தைக் காட்டிப் பழகினால் பேசவே மாட்டான் என்பது வெறும் பயம்.

மணி அடிக்கும்போது காதைப் பொத்திக்கொள்கிறான் என்றால் மணிக்குப் பக்கத்து வகுப்பில் அவனை வைக்காதீர்கள். இதற்கு எந்த மதிப்பீடும் தேவையில்லை.

வீட்டில் நன்றாகப் பேசுகிறான், கேட்டால் எல்லாம் சொல்கிறான். எழுதச் சொன்னால் மட்டும் வராது. சோம்பேறித்தனமா?

கற்றல் குறைபாடாக இருக்கலாம். ல, ள, ழ குழப்பம் எல்லாப் பிள்ளைகளுக்கும் உண்டு, அதை வைத்து முடிவுகட்டக் கூடாது. நான்காம் வகுப்புக்கு வந்த பிறகும் ப, ய, ம மூன்றையும் பிரித்தறியத் திணறுவது, 'கொ' எழுத ஒற்றைக்கொம்பும் காலும் எந்தப் பக்கம் என்று ஒவ்வொரு முறையும் தடுமாறுவது, ஒரே சொல்லை ஒரே பக்கத்தில் மூன்று விதமாக எழுதுவது, இதெல்லாம் சேர்ந்து வந்தால் கவனியுங்கள். கண், காது சோதனை முதலில்.

அரசு விதிப்படி 8 வயதுக்குப் பிறகுதான் இதற்குச் சான்று தருவார்கள். 14 வயதிலும் 18 வயதிலும் மறுபடி மதிப்பீடு உண்டு. 18-இல் தருவது ஆயுள் முழுக்கச் செல்லும். சான்று வரும்வரை கற்பிக்கக் காத்திருக்க வேண்டியதில்லை. எழுத்தை மணலில் எழுதவைத்து, வாயால் சொல்லவைத்து, அசை பிரித்துப் படிக்கவைக்கும் முறை எந்தப் பிள்ளைக்கும் கெடுதல் செய்யாது. நூறு முறை இம்போசிஷன் எழுதவைப்பது கெடுதல்.

பொதுத் தேர்வில் என்ன சலுகை கிடைக்கும்?

குறைபாட்டைப் பொறுத்து, சொல்வதை எழுதுபவர், கூடுதலாக ஒரு மணி நேரம், ஒரு மொழிப் பாடத்திலிருந்து விலக்கு, தரைத்தளத்தில் தேர்வறை ஆகியவை கிடைக்கும். தலைமையாசிரியர் வழியாக அரசுத் தேர்வுகள் இயக்ககத்துக்கு உரிய காலத்தில் விண்ணப்பம் போக வேண்டும். பத்தாம் வகுப்புத் தொடங்கியதும் கேளுங்கள், பிப்ரவரியில் ஓடாதீர்கள். இன்னொன்று: சொல்லச் சொல்ல இன்னொருவர் எழுதுவது ஒரு பழக்கம். பள்ளித் தேர்வுகளிலேயே அதைப் பழகாத பிள்ளை, பொதுத் தேர்வில் நிறுத்தற்குறி சொல்ல மறந்து திணறும்.

"எங்கள் பள்ளியில் வசதி இல்லை, வேறு இடம் பாருங்கள்" என்கிறார்கள்.

அப்படிச் சொல்ல அவர்களுக்கு உரிமை இல்லை. அரசு நடத்தும் பள்ளியும், அரசு நிதியோ அங்கீகாரமோ பெற்ற பள்ளியும் பாகுபாடு இல்லாமல் சேர்க்க வேண்டும் என்கிறது 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 16-ஆம் பிரிவு. 40 சதவீதமோ அதற்கு மேலோ குறைபாடுள்ள பிள்ளைக்கு 6 முதல் 18 வயது வரை, பக்கத்துப் பள்ளியிலோ விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி உண்டு என்கிறது 31-ஆம் பிரிவு. மறுப்பை எழுத்தில் கேளுங்கள். பாதி இடங்களில் அங்கேயே பேச்சு மாறிவிடும். மாறாவிட்டால் வட்டாரக் கல்வி அலுவலர், அதற்கு மேல் மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையர்.

பள்ளிக்கே வர முடியாத பிள்ளைக்கு?

கல்வி உரிமைச் சட்டத்தில் 2012-இல் செய்த திருத்தம், கடுமையான குறைபாடும் பன்முகக் குறைபாடும் உள்ள பிள்ளைகளுக்கு வீட்டுவழிக் கல்வி பெறும் உரிமையைத் தந்தது. உரிமைதான், கட்டாயம் இல்லை. வண்டி ஏற்பாடு செய்தால் வரக்கூடிய பிள்ளையை வீட்டுவழிப் பட்டியலில் போட்டுவிடுவது சில இடங்களில் நடக்கிறது. சம்மதிக்க வேண்டாம்.

நான் பொது ஆசிரியர். 40 பேர் இருக்கும் வகுப்பில் ஒரு பிள்ளையை மட்டும் எப்படிக் கவனிப்பது?

நியாயமான கேள்வி. தொடக்க வகுப்புகளில் 10 சிறப்புத் தேவையுள்ள மாணவர்களுக்கு ஒரு சிறப்பாசிரியர், அதற்கு மேல் வகுப்புகளில் 15 பேருக்கு ஒருவர் என்பது உச்ச நீதிமன்றம் 2021-இல் ஏற்ற விகிதம். நடப்பில் ஒரு பயிற்றுநர் பல பள்ளிகளுக்குச் சுற்றுகிறார். உங்கள் பள்ளிக்கு அவர் வரும் நாளில் பிள்ளையை அவரிடம் ஒப்படைத்துவிட்டு வேறு வேலை பார்க்காமல், என்ன செய்கிறார் என்று பக்கத்தில் இருந்து பாருங்கள்.

உங்களால் முடிந்தவை சில. காது கருவி போட்ட பிள்ளையை முன்னால் உட்கார வைத்து, கரும்பலகையைப் பார்த்தபடி பேசாமல் திரும்பிப் பேசுங்கள். குறைபார்வை உள்ள பிள்ளைக்காகப் பலகையில் எழுதுவதை வாய்விட்டுப் படித்துக்கொண்டே எழுதுங்கள். மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளையின் கால் பெஞ்சிலிருந்து தொங்கினால் இரண்டு செங்கல்லைச் சாக்கில் சுற்றிக் காலுக்கு அடியில் வையுங்கள். பாதம் பதிந்தால்தான் இடுப்பு நிலைக்கும், இடுப்பு நிலைத்தால்தான் கை எழுதும். கையெழுத்தைத் திருத்தப் பலர் பென்சிலைத்தான் மாற்றுகிறார்கள், கோளாறு காலில் இருக்கும்.

சிறப்பாசிரியர் ஆக என்ன படிக்க வேண்டும்?

இந்திய மறுவாழ்வுக் கழகம் அங்கீகரித்த பட்டயம் அல்லது பி.எட். சிறப்புக் கல்வி. அந்தக் கழகத்தின் பதிவு எண் கட்டாயம். சென்னைக்கு அருகே முட்டுக்காட்டில் பன்முகக் குறைபாடுகளுக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது. பெற்றோர்களும் தெரபி மையத்தில் சேர்க்கும் முன் பயிற்சி தருபவரின் பதிவு எண்ணைக் கேட்கலாம்.

ஆட்டிசத்தை ஸ்டெம் செல்லால் குணப்படுத்துகிறார்களாமே?

அங்கீகரிக்கப்பட்ட சிகிச்சை அப்படி எதுவும் இல்லை. நகையை அடகு வைக்க வேண்டாம்.

18 வயதுக்குப் பிறகு என்ன செய்வது?

பன்னிரண்டு, பதின்மூன்று வயதிலேயே தொடங்க வேண்டிய பேச்சு இது. அந்த வயதில் எழுத்தும் எண்ணும் எவ்வளவு வந்திருக்கிறதோ வந்திருக்கும். அதற்குப் பிறகு கடைக்குப் போய் மீதிச் சில்லறை வாங்குவது, பேருந்து ஏறுவது, சமைப்பது, தெரியாதவர் தொட்டால் விலகிச் சொல்வது, ஒரு வேலையை ஒரு மணி நேரம் விடாமல் செய்வது ஆகியவை பாடமாக வேண்டும்.

அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம், மூளை முடக்குவாதம், பன்முகக் குறைபாடு உள்ளவர்களுக்கு 1999-ஆம் ஆண்டுத் தேசிய அறக்கட்டளைச் சட்டம் பொருந்தும். 18 ஆனதும் சட்டப்படி அவர்கள் பெரியவர்கள். வங்கியிலும் சொத்து விஷயத்திலும் தாய் தந்தையின் கையெழுத்து அதன் பிறகு தானாகச் செல்லாது. பாதுகாவலர் தேவை என்றால் மாவட்ட ஆட்சியரை உள்ளடக்கிய உள்ளூர்க் குழுவிடம் விண்ணப்பித்து நியமனம் பெறலாம். இதே சட்டத்தின் கீழ் நிராமயா என்ற மருத்துவக் காப்பீடும் உண்டு, ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை. தெரபிச் செலவுக்கும் அதில் ஒரு பங்கு இருக்கிறது. இந்தக் காப்பீட்டுக்கு 18 வயது ஆகும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. சான்றிதழ் கையில் இருந்தால் சிறு பிள்ளைக்கே எடுக்கலாம், ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும்.